ஒரு குறிப்பு குறைந்த அப்பீல்: எவிட்ஸ் எதிர் லூசி

1977 செப்டம்பர் 12. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக மேல்முறையீட்டுக் கட்டைத் தாக்கல் செய்தார். எழுத்துபூர்வ வாதுரை இருந்தது. விசாரணை நீதிமன்றத்தின் ஆவணங்கள் இருந்தன. மேல்முறையீடு செய்யப்போகிறோம் என்ற அறிவிப்பும் அதற்கு முன்பே கெடுவுக்குள் கொடுக்கப்பட்டிருந்தது. விட்டுப்போனது ஒன்றே ஒன்று: 'மேல்முறையீட்டு விவரக் குறிப்பு'.

அப்படி என்ன பெரிய ஆவணம் அது? மேல்முறையீடு செய்பவர் யார், எதிர்த்தரப்பு யார், இரண்டு பக்கமும் வக்கீல்கள் யார், தண்டனை கொடுத்த நீதிபதி யார், தீர்ப்பு என்றைக்கு, மேல்முறையீட்டு அறிவிப்பு என்றைக்கு, கூடவே இன்னும் சில விவரம். சட்ட வாதம் எதுவும் அதில் இருக்கவேண்டியதில்லை. கட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு குமாஸ்தாவே எழுதிவிடக்கூடிய விஷயம்.

அது இல்லை என்பதற்காக மேல்முறையீடே தள்ளுபடி ஆனது. அதிலிருந்து தொடங்கிய சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1985 ஜனவரி 21 அன்று 'எவிட்ஸ் எதிர் லூசி' என்ற தீர்ப்பாக முடிந்தது. வக்கீல் சரியில்லாததால் பாழான மேல்முறையீட்டை மறுபடி திறக்கச் சொல்லி அமெரிக்கக் கைதிகள் இன்று போடும் மனுக்களுக்கு அஸ்திவாரம் இந்தத் தீர்ப்புதான்.

நடந்தது

லூசி என்பவர் மீது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளைக் கடத்தி விற்றதாக வழக்கு. 1976 மார்ச் 21 அன்று கென்டக்கி ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அவருடைய வக்கீல் அரசு செலவில் வந்தவர் அல்ல, அவரே அமர்த்திக்கொண்டவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கென்டக்கி அரசியல் சட்டத்தின் 115ஆம் பிரிவு, எந்த வழக்கானாலும் மேல் நீதிமன்றத்துக்கு ஒரு முறையாவது மேல்முறையீடு செய்வது உரிமை என்கிறது. நீதிமன்றம் மனம் வைத்து அனுமதிக்கும் சலுகை அல்ல, உரிமை. லூசி போட்டது அந்த முதல் மேல்முறையீடு.

அரசுத் தரப்பு பதில் வாதுரை தாக்கல் செய்தபோதே, விவரக் குறிப்பு இல்லை, ஆகவே மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று ஒரு மனுவையும் சேர்த்துப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. லூசியின் வக்கீல் பதறிப்போய் மறுபரிசீலனை மனு போட்டார். கேட்ட விவரமெல்லாம் வாதுரையிலேயே இருக்கிறது, வடிவம்தான் வேறு என்றார். போதாக்குறைக்கு, விதிப்படி தயாரித்த விவரக் குறிப்பையும் கையோடு நீட்டினார். காரணம்கூடச் சொல்லாமல் அந்த மனுவும் தள்ளுபடி. கென்டக்கி உச்ச நீதிமன்றம் ஒரே வாக்கிய உத்தரவில் அதை உறுதிசெய்தது. கடைசி முயற்சியாக விசாரணை நீதிமன்றத்துக்கே திரும்பிப் போய், தீர்ப்பை ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் தாமதமாகவாவது மேல்முறையீட்டுக்கு அனுமதியுங்கள் என்று கேட்டார்கள். அங்கேயும் முடியாது என்றார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அதுதான். நம் நீதிமன்றங்களில் இப்படி ஒரு குறை இருந்தால் பதிவகம் கட்டைத் திருப்பிக் கொடுக்கும், சரிசெய்து மறுபடி போடுவார்கள். அதோடு, மேல்முறையீடு செய்தவரோ அவர் வக்கீலோ வரவில்லை என்பதற்காகக் குற்றவியல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக்கூடாது, ஆவணங்களைப் படித்துப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் பானி சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. கென்டக்கியில் அன்று அந்தத் தயவு இல்லை.

மாநிலத்துக்குள் எல்லாக் கதவும் மூடிய பிறகு லூசி, கென்டக்கி கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கின் தலைப்பில் வரும் எவிட்ஸ் யார் என்றால், அவரை அடைத்து வைத்திருந்த பிளாக்பர்ன் சிறை வளாகத்தின் கண்காணிப்பாளர். ஆட்கொணர்வு மனுவில் உடலைப் பிடித்து வைத்திருப்பவர்தானே எதிர்மனுதாரர்!

கூட்டாட்சி நீதிமன்றம் லூசி பக்கம் நின்றது. மேல்முறையீட்டை மறுபடி எடுத்து விசாரியுங்கள், அல்லது வழக்கையே புதிதாக நடத்துங்கள், இரண்டும் செய்யாவிட்டால் ஆளை விடுங்கள் என்றது. மேலே ஆறாவது வட்ட நீதிமன்றம் (அந்தப் பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) ஒரு தடவை திருப்பி அனுப்பி, மறுபடி வந்தபோது 1984 ஜனவரி 12 அன்று உறுதிசெய்தது. விடாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது கென்டக்கி அரசு.

நடுவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். கூட்டாட்சி நீதிமன்றத்திலும் லூசிக்காக நின்றவர், விவரக் குறிப்பைத் தாக்கல் செய்யாமல் விட்ட அதே வக்கீல்தான். அதாவது, கட்சிக்காரரைக் காப்பாற்ற அவர் சொல்லவேண்டிய வாதம், 'நான் ஒழுங்காக வேலை செய்யவில்லை' என்பது. சொன்னார். அந்தக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் லூசிக்கு நிவாரணம் கொடுத்த கையோடு, சொந்த வேலையையே தாக்கி வாதாடியதற்காக அந்த வக்கீல் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி மாநில வழக்கறிஞர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் எழுதிவிட்டது. தீர்ப்பில் ஓர் அடிக்குறிப்பாகத்தான் இது வருகிறது. படித்தபோது எனக்கு அந்த மனிதர் மேல் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம் வந்தது. தப்பை மறைத்திருந்தால் கட்சிக்காரர் போயிருப்பார், ஒத்துக்கொண்டதால் இவர் மாட்டினார். உச்ச நீதிமன்றத்தில் லூசிக்கு வேறு வக்கீல் வந்தார்.

கென்டக்கி என்ன சொன்னது

அரசின் வாதத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, அமெரிக்க அரசியல் சட்டம் மேல்முறையீடு என்ற உரிமையையே தரவில்லை. 1894லேயே மெக்கேன் எதிர் டர்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. கொடுக்கவே கடமை இல்லாத ஒன்றைக் கொடுக்கும்போது, என் விதிப்படி கொடுக்கிறேன், விதியை மீறினால் எடுத்துக்கொள்கிறேன் என்பது அரசின் நிலை. அடுத்தது, தவறு செய்தது வக்கீல், அரசு அல்ல. அதுவும் லூசி தானே பணம் கொடுத்து அமர்த்திய வக்கீல். அதற்கு அரசு எப்படிப் பொறுப்பாகும்? கடைசியாக, விதியை மதிக்காவிட்டால் தண்டனை இல்லை என்று ஆகிவிட்டால் எந்த வக்கீல் விதியை மதிப்பார்?

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். 7க்கு 2. அவர் பழைய வழக்குகளிலிருந்து தொடங்கினார். 1956இல் கிரிஃபின் வழக்கு: மேல்முறையீட்டுக்கு விசாரணைப் பதிவின் நகல் தேவை என்றால், பணம் இல்லாதவருக்கு அது கிடைக்காமல் அடைக்கக்கூடாது. 1963இல் டக்ளஸ் வழக்கு: முதல் மேல்முறையீட்டில் ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துக் கொடுக்கவேண்டும். சரி, வக்கீல் கட்டாயம் என்று ஆன பிறகு, பேருக்கு ஒருவர் வந்து நின்றால் போதுமா? போதாது என்றார் பிரென்னன். விசாரணையைப் போலவே மேல்முறையீடும் சிக்கலான விதிகளால் ஆன களம், சாமானியன் தனியாக உள்ளே போனால் திக்குத் தெரியாது. வேலை செய்யாத வக்கீலை வைத்துக்கொண்டு போனவனும் வக்கீலே இல்லாமல் போனவனும் அங்கே ஒரே நிலையில்தான்.

மேல்முறையீட்டைத் தர அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில்தான் தீர்ப்பின் உயிர்நாடி. கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்த பிறகு, குற்றத்தை இறுதியாகத் தீர்மானிக்கும் அமைப்பில் அதையும் ஒரு பகுதியாக வைத்த பிறகு, அதை நியாயமான நடைமுறைப்படிதான் நடத்தவேண்டும். இஷ்டப்பட்டுக் கட்டிய பாலம்தானே என்று நடுவில் ஒரு பலகையை உருவி வைக்க முடியாது (உவமை என்னுடையது). தானே அமர்த்திய வக்கீல், அரசு கொடுத்த வக்கீல் என்ற வித்தியாசமும் எடுபடவில்லை.

விதியை அமல்படுத்தவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வக்கீலைத் தண்டியுங்கள், அவர் கட்சிக்காரரின் வழக்கைக் கேட்காமலே குப்பையில் போடாதீர்கள் என்பதுதான் சாரம்.

மாறுபட்டவர்கள் தலைமை நீதிபதி பர்கரும் நீதிபதி ரெங்க்விஸ்டும். மேல்முறையீட்டில் திறமையான வக்கீல் கிடைக்கும் உரிமை அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்பது ரெங்க்விஸ்டின் கேள்வி. பர்கரின் கவலை வேறு: முடிவே இல்லாமல் மேல்முறையீடும் மறுவிசாரணையுமாக வழக்குகள் நீள்வதால் மக்களுக்கு நீதிமன்றத்தின் மேலுள்ள நம்பிக்கை குறைகிறது என்பது. அவர் அஞ்சியதில் பாதி உண்மையானது என்றே நினைக்கிறேன். மனுக்கள் குவியத்தான் செய்தன. ஆனால் பாழாகும் மேல்முறையீட்டை முதல் நாளே சரிசெய்ய அனுமதித்திருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது. வழக்கை எட்டு வருடம் பத்து மாதம் இழுத்தது லூசி அல்ல.

எது மோசமான வக்கீல் வேலை?

லூசி வழக்கில் இந்தக் கேள்வி வரவில்லை. வக்கீல் செய்தது குறைபாடான வேலை என்பதை உச்ச நீதிமன்றத்தில் யாரும் எதிர்க்கவில்லை. அதனால் அளவுகோல் எது என்று சொல்லாமலே பிரென்னன் முடித்துக்கொண்டார். அளவுகோல் எட்டு மாதம் முன்பு, 1984 மே மாதம், ஸ்ட்ரிக்லண்ட் எதிர் வாஷிங்டன் வழக்கில் பிறந்திருந்தது. வக்கீலின் வேலை நியாயமான தொழில் தரத்துக்குக் கீழே இருந்தது என்று காட்டவேண்டும், அந்தத் தவறு இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்றும் காட்டவேண்டும். ஒன்றை மட்டும் காட்டினால் தேறாது. 2000இல் ஸ்மித் எதிர் ராபின்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு வக்கீலுக்கும் இதே அளவுகோல்தான் என்று உச்ச நீதிமன்றம் எழுதியது.

இதில் கைதிகள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'நான் சொன்ன பாயிண்டை வக்கீல் எடுக்கவே இல்லை' என்பது சிறையிலிருந்து வரும் வழக்கமான புகார். அது மட்டும் போதாது. 1983இல் ஜோன்ஸ் எதிர் பார்ன்ஸ் வழக்கில், வாதத்துக்குரிய எல்லாப் புள்ளிகளையும் வக்கீல் எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்து பலவீனமான வாதத்தோடு இரண்டு பலமான வாதத்தைப் புதைப்பவர் நல்ல வக்கீல் அல்ல. எடுத்ததைவிட விட்டது தெளிவாகவே பலமானது என்று காட்டினால்தான் வேலை நடக்கும்.

வக்கீலின் தவறால் மேல்முறையீடே நடக்காமல் போனால் கணக்கு வேறு. கட்சிக்காரர் மேல்முறையீடு செய்யச் சொல்லியும் அறிவிப்பைத் தாக்கல் செய்யாமல் விட்டால், ஜெயித்திருப்பாரா என்று பார்ப்பதில்லை. மேல்முறையீடு பறிபோனதே பாதிப்பு என்பது 2000இல் ஃப்ளோரஸ்-ஒர்டேகா வழக்கின் நிலை. மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இது பொருந்தும் என்று 2019இல் கார்ஸா எதிர் ஐடஹோ வழக்கில் சொன்னார்கள். லூசியின் கதையும் இந்த வகைதான், அவருடைய வாதுரையை யாரும் எடைபோடவே இல்லை.

மூன்று நாள்

அப்படியென்றால் வக்கீலின் தவறு இனி கட்சிக்காரர் தலையில் விழாது என்று நினைத்துவிடக்கூடாது. லூசி தீர்ப்புக்கு ஆறு வருடம் கழித்து, 1991இல் கோல்மன் எதிர் தாம்ப்ஸன் வந்தது.

வர்ஜீனியாவில் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவர் கோல்மன். அவருடைய முதல் மேல்முறையீடு முறையாகவே நடந்து, தண்டனை உறுதியானது. அடுத்த கட்டமாக மாநில நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார், அது தோற்றது. அதை எதிர்த்து மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 30 நாள் கெடு. வக்கீல்கள் கொடுத்தது 33ஆவது நாள். மூன்று நாள் தாமதம் என்று வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இங்கேயும் ஒரு தாள்தான் பிரச்சினை, இங்கேயும் பிழை வக்கீலுடையதுதான். ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கதவைத் திறக்கவில்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு வரும் கட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளும் அரசியல் சட்ட உரிமையே கிடையாது. உரிமை இல்லாத இடத்தில் வக்கீல் சரியில்லை என்ற புகாருக்கும் இடமில்லை. ஆகவே அங்கே வக்கீல் செய்யும் தவறு கட்சிக்காரரின் தவறாகவே கணக்காகும். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஓ'கானரின் முதல் வாக்கியம், இது கூட்டாட்சி முறை பற்றிய வழக்கு என்றது. மரண தண்டனைக் கைதியின் மனுவுக்கு அப்படி ஒரு முதல் வரி! 1992 மே மாதம் கோல்மனுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2006இல் ஆளுநர் உத்தரவில் நடந்த டிஎன்ஏ சோதனை அவர்தான் குற்றவாளி என்பதை உறுதிசெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். ஆனால் 33ஆவது நாளில் கதவை மூடியவர்களுக்கு அது தெரியாது.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது லூசிக்கு நடக்கவில்லை, கோல்மனுக்கு நடந்தது. பிழை எவ்வளவு பெரியது என்பதைவிட, எந்தப் படியில் நடந்தது என்பதே முடிவு செய்கிறது. மேல்முறையீட்டை மறுபடி திறக்கச் சொல்லும் எந்த வழக்கைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் படியைத்தான்.

ஒஹாயோவின் பத்துப் பக்கம்

சரி, உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த நீதிமன்றத்தில் போய், எப்படி மனு போடுவது? கென்டக்கிக்கு வடக்கே ஆற்றைத் தாண்டினால் ஒஹாயோ. இந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு விதியே எழுதிக்கொண்ட மாநிலம் அது.

அங்கே 1992இல் மர்னஹன் வழக்கு. மேல்முறையீட்டு வக்கீல் சரியில்லை என்ற புகாரை விசாரணை நீதிமன்றத்தில் போடலாமா என்பது கேள்வி. வேண்டாம் என்றது ஒஹாயோ உச்ச நீதிமன்றம். மேல் நீதிமன்றத்தில் நடந்ததைக் கீழ் நீதிமன்றம் எப்படி எடைபோடும்? மேல்முறையீட்டைக் கேட்ட நீதிமன்றத்திலேயே போடுங்கள் என்றது. 1993 ஜூலை 1 முதல் மேல்முறையீட்டு விதி 26இன் 'பி' பிரிவு நடைமுறைக்கு வந்தது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 90 நாளுக்குள் மனு வரவேண்டும், தாமதமானால் தகுந்த காரணம் காட்டவேண்டும். பத்துப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. வக்கீல் விட்டுவிட்ட வாதம் எது, அல்லது ஆவணம் முழுமையில்லாமல் விசாரிக்கப்பட்டது எது என்று குறிப்பாகச் சொல்லவேண்டும். எப்படிக் குறைபாடான வேலை, அதனால் முடிவு எப்படி மாறியது என்பதைச் சத்தியப் பிரமாணமாக எழுதி இணைக்கவேண்டும். நீதிமன்றம் இரண்டு கட்டமாகப் பார்க்கும். முதல் கட்டத்தில் உண்மையான ஒரு கேள்வி எழுகிறதா என்று மட்டும். எழுந்தால் மேல்முறையீடு திறக்கும், வசதி இல்லாதவருக்கு வக்கீல் கொடுப்பார்கள், புதிதாக வாதம் நடக்கும். பழைய வக்கீல் குறையாக வேலை செய்ததும் அதனால் பாதிப்பு வந்ததும் நிரூபணமானால் பழைய தீர்ப்பு நீங்கும், இல்லாவிட்டால் அதுவே நிலைக்கும். முதல் கட்டத்திலேயே முழு நிரூபணம் கேட்கக்கூடாது என்று 2022இல் லே வழக்கில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தைத் திருத்தியிருக்கிறது.

படிக்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் இடிப்பது அந்த 90 நாள். பழைய வக்கீலே வழக்கை மேலே நடத்திக்கொண்டிருந்தால், லூசியின் வக்கீல் செய்தது போல அவர் தன்னையே குற்றம் சொல்லி மனு எழுதுவாரா? மாட்டார். அவர் எழுதாததால்தான் தாமதம் என்று பிறகு வந்து காரணம் சொன்னால் ஏற்பார்களா? 2004இல் லமார், கம் என்ற இரண்டு மரண தண்டனை வழக்குகளில் ஏற்கவில்லை. வேறு வக்கீலைப் பிடித்திருக்கலாம், நீங்களே எழுதியிருக்கலாம், மற்ற கைதிகள் எழுதுகிறார்களே என்றது நீதிமன்றம். அதே வருடம் மார்கன் எதிர் ஈட்ஸ் வழக்கில், இந்த மனு மூல மேல்முறையீட்டின் தொடர்ச்சி அல்ல, தனியான ஒரு நடவடிக்கை என்று முடிவாயிற்று. அதாவது கோல்மன் நின்ற படி. வக்கீல் சரியில்லை என்று சொல்லும் மனுவை எழுத, அரசியல் சட்டப்படி வக்கீல் கேட்க முடியாது. பத்துப் பக்கத்தைக் கைதியே எழுதவேண்டும்.

லூசிக்குக் கடைசியில் என்ன கிடைத்தது? உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர் சிறையில் இல்லை. 1983 மே 10 அன்றே முழுமையாக விடுதலையாகி, வாக்குரிமை முதலான குடிமை உரிமைகளும் திரும்பக் கிடைத்துவிட்டன. பிறகு வழக்கு எதற்கு என்றால், மன்னிப்பு கிடைக்கவில்லை, குற்றவாளி என்ற பதிவு அப்படியே இருந்தது. நாளைக்கு ஏதாவது வழக்கில் சாட்சி சொல்லப்போனால் அதைக் காட்டி மடக்கலாம், இன்னொரு வழக்கு வந்தால் தொடர் குற்றவாளி என்று சேர்க்கலாம். அந்தப் பதிவை எதிர்த்துப் பேச அவருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. 1977இல் தாக்கலான வாதுரையில் இருந்த வாதங்கள் சரியா தப்பா என்று இந்தத் தீர்ப்பு எடைபோடவில்லை. முதலில் யாராவது அதைப் படித்துப் பாருங்கள் என்பதோடு சரி.